ஜன்னலுக்கு வெளியிலிருந்து வந்த பதில்

அன்பு ராசாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நல்லபடி இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுத உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் துணி மடிக்கும் அறையிலிருந்து என்னைப் பதிவு மேசைக்கு மாற்றுவதாகச் சொன்னார்கள் அல்லவா, அதற்கான ஆங்கிலத் தேர்வு வருகிற புதன்கிழமை. போன சனிக்கிழமை மத்தியானம் ஆங்கில வகுப்பில் படித்ததை எல்லாம் ஒரு தடவை திருப்பிப் பார்த்தோம். தையல் கடைக்கு மேலே மாடி அறை, கீழே மெஷின் ஓடுகிற சத்தம், வெளியே தூறல், கரும்பலகை மேல் விழுந்த வெளிச்சம்கூடத் தண்ணீருக்குள் இருப்பது போல அசைந்தது, விழித்திருக்கிறேனா கனவா என்றே எனக்குத் தெரியவில்லை. டீச்சர் உன்னைவிடச் சின்னப் பெண். நடந்து முடிந்த ஒன்றுக்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிட்ட இன்னொன்றைச் சொல்ல ஆங்கிலத்தில் தனியாக ஒரு காலம் இருக்கிறதாம், அதில் ஒரு வாக்கியம் கேட்டாள். நான் கண் விழிப்பதற்கு முன்பே என் மகன் கிளம்பிப் போயிருந்தான் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். சரி என்று பலகையில் எழுதினாள், எல்லாரும் பார்த்து எழுதிக்கொண்டார்கள், பத்துப் பேர் நோட்டில் நீ கிளம்பிப் போனாய். அப்புறம் சொற்கள். பஸ்ஸைத் தவறவிட்டாலும் ஆங்கிலத்தில் ‘மிஸ்’தானாம், பிள்ளையைக் காணாமல் மனம் தவித்தாலும் ‘மிஸ்’தானாம். நிறுத்தற்குறியில்தான் பாதி மார்க், புள்ளி வைக்க மனசே வரமாட்டேங்குது டீச்சர் என்றேன், வகுப்பே சிரித்தது.

அப்பாவைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும். இந்த வயசுல உனக்கு எதுக்கு ஏபிசிடி என்று கேலி பண்ணிக்கொண்டே சனிக்கிழமைதோறும் மூக்குக்கண்ணாடிக் கடையை மூடிவிட்டு என்னைக் கொண்டுவந்து விட்டு, வகுப்பு முடியும்வரை ஜன்னலுக்கு வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கடை எனக்கு வேண்டாம் என்று நீ போனதிலிருந்து மூன்று வருஷமாக உன் பேச்சையே எடுக்காத மனிதர். கடைசியாக டீச்சர் ஒரு கவிதை வாசித்தாள். தூரத்தில் போகும் படகைக் கூப்பிடாமல் கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறான் ஒருவன். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டாள். கோபம் என்றார் எங்களோடு படிக்கிற கொரியர்காரர் ஒருவர். அப்போது ஜன்னல் பக்கமிருந்து அப்பாவின் குரல், “கோவமெல்லாம் எப்பவோ போயிடுச்சும்மா, கூப்பிட்டு அவன் திரும்பிப் பாக்கலைன்னா என்ன பண்றதுன்னு பயம்.” உள்ள வந்து உக்காருங்க சார் என்று டீச்சர் அவரைக் கூட்டிவந்து என் பக்கத்தில் நாற்காலி போட்டாள். ஈரக் குடையை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிப் பிள்ளை போல உட்கார்ந்தார், என் நோட்டிலிருந்த அந்த வாக்கியத்தை விரலால் தடவி, இது நம்ம பையனா என்று மட்டும் கேட்டார்.

திரும்பி வரும்போது, அவன் நம்பர் மாத்தலையே என்றார். மாற்றவில்லை என்றேன். நீ முதல்ல அவனுக்கு எழுதிடு, லெட்டர் கைக்குப் போனப்புறம் கூப்பிடறேன் என்று தானாகவே நாள் குறித்துவிட்டார், அடுத்த மாதம் முதல் ஞாயிறு.

குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாதே, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வேலை பார்க்காதே. நீ எங்கே இருந்தாலும் உன் முகம் வாடாமல் இருக்கட்டும். அந்த ஞாயிறு காலை போன் அடித்ததும் எடுத்துவிடு ராசா, மூன்றாவது தடவை மணி அடித்த பிறகும் காத்திருக்க அவருக்குத் தைரியம் இருக்காது.

இப்படிக்கு,
உன் அம்மா