திரைக்குப் பின்னால் மூன்று ஆம்ப்ளிஃபயர்கள்

மார்ச் 3

உறுதியானது: பொது நூலகத்தின் இசை கேட்கும் அறைக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்கும் போட்டியில் கடைசிச் சுற்றுக்கு இரண்டு தேறியிருக்கின்றன. ஒன்று பெரிய தொழிற்சாலையில் செய்தது. இன்னொன்று என் தம்பி வீட்டு முன்னறையில் உட்கார்ந்து கையால் செய்தது. சொன்னவர் நூலகர், நேரில், இன்று காலை. இத்தனை வருடம் நீதிமன்றச் செய்தி எழுதியிருக்கிறேன். ஒரு செய்தியைக் கேட்டுவிட்டுப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கியது இன்றுதான்.

நூலகர் வைத்த நிபந்தனை: "சத்தம் நல்லா இருக்கணும், சரி. ஆனா காலைல போட்டா கதவு சாத்துற வரைக்கும் ஓடணும் மேடம். பக்கத்துல உக்காந்து விசிறி விட எங்கிட்ட ஆள் இல்ல."

இது கிடைத்தால் கிளை நூலகங்களுக்கும் தம்பியே செய்யலாம். கிடைக்காவிட்டால் ஜூனில் பழையபடி லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலைக்குப் போவதாகப் பெண்டாட்டியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறான். சொந்தத் தம்பி விவகாரம் என்பதால் இதைப் பற்றி எழுத மாட்டேன் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். எழுதாமலும் இருக்க முடியவில்லை. அதனால் இங்கே.

மார்ச் 5

தம்பி வீட்டில் கேட்டேன். பழைய ரேடியோக்களில் இருப்பது போன்ற கண்ணாடி வால்வுகள் மெல்லச் சிவந்தன. ஒரு பெண் பாடினாள். அவள் ஸ்பீக்கருக்குள் இல்லை. எனக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நின்றாள். உடம்பு சிலிர்த்துவிட்டது. வீட்டுப் பூனை ஆம்ப்ளிஃபயரை ஒட்டிப் படுத்திருந்தது. அதற்கு இசை பொருட்டில்லை, சூடுதான் வேண்டும்.

"எப்படிக்கா?" என்றான். தலையை மட்டும் ஆட்டினேன்.

மார்ச் 6

நூலகத்தில் சோதனை ஓட்டம். தம்பியின் பெட்டி மதியம் 'டக்' என்று அணைந்துவிட்டது. சூடு எல்லை மீறினால் தானாக அணைக்கும் சுவிட்ச். ஆறிய பிறகு ஓடியது.

மார்ச் 7

மறுபடியும் டக். அறைக்கு நாள் தவறாமல் வரும் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் கண்ணைத் திறந்து சொன்னாராம்: "அழகான வண்டிதான். ஏத்தத்துல நின்னுடுது."

தொழிற்சாலைப் பெட்டி ஒருமுறைகூட நிற்கவில்லை. அதை யாரும் பாராட்டவும் இல்லை.

மார்ச் 9

தம்பியோடு சண்டை. வால்வுகளில் ஓடும் மின்சாரத்தைக் கொஞ்சம் குறைத்தால் சூடு இறங்கும், வால்வுகளும் கூடுதல் நாள் உழைக்கும். அவனே சொன்னதுதான். அப்படியானால் குறைக்க வேண்டியதுதானே?

"குறைச்சா அந்த இனிப்பு போயிடும்க்கா. அப்புறம் அவங்க பெட்டிக்கும் என்னோடதுக்கும் என்ன வித்தியாசம்?"

"நின்னு போனா இனிப்பு எங்கடா இருக்கும்?"

"நீ கோர்ட் மாதிரி பேசாத."

அவன் பெண்டாட்டி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "விடுங்க அண்ணி. லிஃப்ட்டு பாதில நின்னா மட்டும் ஓடுவாரு. சொந்தப் பெட்டி நின்னா அது கலை."

அது அவனுக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது போல. சாப்பிட்டதும் அவன் வைத்திருக்கும் இரண்டாவது பெட்டியைத் திறந்தான். அச்சில் வார்த்தது போல முதல் பெட்டியேதான். அதில் மட்டும் மின்சாரத்தைக் குறைத்து வைத்தான். முகம் பார்க்கச் சகிக்கவில்லை.

மார்ச் 12

நூலகத்தில் ஒப்பீடு. தம்பியின் குறைக்காத சூடான பெட்டியையும் தொழிற்சாலைப் பெட்டியையும் அவனே மாற்றி மாற்றிப் போட்டான். எது ஓடுகிறது என்று நூலகருக்கும் ஓட்டுநருக்கும் சொல்லவில்லை. தனித்தனியாகக் கேட்டேன். இருவரும் தம்பியுடையதையே சொன்னார்கள். இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னால்தான் எனக்குச் செய்தி. ஆக, செய்தி. வரும் வழியில் பேருந்தில் என்னை அறியாமல் பாட்டு முணுமுணுத்திருக்கிறேன். பக்கத்து இருக்கைப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

மார்ச் 13

விழித்ததும் உறுத்தியது. நூலகர் சொன்னது: "கிட்ட வந்து பேசுற மாதிரி இருக்கு." ஓட்டுநர் சொன்னது: "கிட்ட வந்து பேசுது." இரண்டு சாட்சிகள் ஒரே வார்த்தையைச் சொன்னால் குறுக்கு விசாரணையில் வக்கீல் எங்கே கை வைப்பார் என்று எனக்குத் தெரியாதா? நேற்று மட்டும் எப்படி மறந்தேன்? தம்பி ஜெயிக்கட்டும் என்றுதானே.

போன் போட்டேன். "வால்யூம் எங்கடா வெச்சிருந்த?"

"ரெண்டுலயும் குமிழ் நடுவுலதான்க்கா."

"குமிழ் இருக்கட்டும். சத்தம் ஒண்ணா இருந்துச்சா?"

குரலை இறக்கிச் சொன்னான்: "என்னோடது கொஞ்சம் தூக்கலாத்தான் வரும்."

தூக்கலாக வருவது கிட்ட வருவதாகத்தான் கேட்கும். எனக்குக் கிடைத்தது இரண்டு சாட்சிகள் இல்லை. தூக்கலான ஒரே சத்தம், இரண்டு வாய்.

மார்ச் 15

தம்பி வீட்டில் மறு விசாரணை. கட்டில் விரிப்பைத் திரையாகக் கட்டினோம். பின்னால் நூலகர் கொண்டுவந்த தொழிற்சாலைப் பெட்டியும் சூடான பெட்டியும், கூடவே குறைத்த பெட்டி. மூன்றிலும் சத்தத்தை மீட்டர் வைத்துச் சமமாக்கினோம். அங்கே நின்று வயர் மாற்றும் வேலை தம்பி பெண்டாட்டிக்கு. நூலகரும் ஓட்டுநரும் சோபாவில். தம்பியையும் இழுத்து உட்கார வைத்தேன்.

"நான் எதுக்கு? எனக்குத்தான் தெரியுமே."

"தெரிஞ்சவரும் உக்காரலாம்," என்றது திரை.

தம்பியுடைய இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே விருந்தாளிகளுக்கு வித்தியாசமே தெரியவில்லை. தம்பி கண்ணை மூடிக் கேட்டான். விரலை உயர்த்தினான். "இதுதான். நான் கை வைக்காதது. இந்த இனிப்பு அதுல வரவே வராது."

திரை விலகியது. ஓடிக்கொண்டிருந்தது குறைத்த பெட்டி.

"இன்னொரு தடவை," என்றான் தம்பி. இன்னொரு தடவையும் அதையே காட்டினான். பிறகு சிரிக்க ஆரம்பித்தவன் கண்ணில் நீர் வரும்வரை நிறுத்தவில்லை. "இத்தனை நாளா சூட்டைத்தான் கேட்டுட்டு இருந்திருக்கேன்க்கா."

அதோடு முடியவில்லை. குறைத்த பெட்டிக்கும் தொழிற்சாலைப் பெட்டிக்கும் நடுவில் அதே இருவரும் தம்பியுடையதையே எடுத்தார்கள். கொஞ்சம் யோசித்துத்தான். ஓட்டுநர்: "பாடுறவங்க மூச்சு இழுக்கிறது தெரியுது." நூலகர்: "இதைக் கேட்டா எனக்குத் தலை வலிக்காதுன்னு தோணுது." வெவ்வேறு வார்த்தை. இப்போது இரண்டு சாட்சி. அவசரத்தில் எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

மார்ச் 16

குறைத்த பெட்டி நூலகத்துக்குப் போனது.

மார்ச் 19

நிற்கவில்லை.

மார்ச் 24

இன்றும் நிற்கவில்லை. நூலகர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சாப்பிடப் போனார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தோன்றவில்லை. திரும்பி வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இதே மாதிரி இன்னும் ரெண்டு செய்ய உங்க தம்பிக்கு எவ்வளவு நாள் ஆகும்? சும்மாதான் கேக்கறேன்." ஒரே வாய். இன்னும் செய்தி இல்லை. ஆனாலும் படிகளில் மறுபடியும் தாவித்தான் இறங்கினேன்.

சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனேன். யாரும் சொல்லாமலே சூடான பெட்டியையும் திறந்து குறைத்துவிட்டான். அதை ஒட்டிப் பூனை இல்லை. இஸ்திரி போட்டு அடுக்கிய சட்டைகளின் மேல் கோபித்துக்கொண்டு படுத்திருந்தது. அவன் பெண்டாட்டி அதைத் துரத்தவில்லை.

நிலுவையில் இருப்பது: வாங்கும் குழுவின் முடிவு. மார்ச் 30, மதியத்துக்கு மேல். சொன்னவர் நூலகர்.