முப்பத்தெட்டு நொடி

மார்ச் 4
கிடங்குத் தீ விபத்து பாட்காஸ்டை இன்று முடித்தேன். கேட்கக் கேட்கக் கைபேசித் திரையில் படம் மாறும். அத்தியாயத் தலைப்பைத் தொட்டால் நேரே அங்கே போகலாம். மூன்றாவது அத்தியாயம் ‘மகன்’. தீயில் இறந்தவனின் அம்மா பேசுகிறார். நான்காவது, ‘கதவைப் பூட்டியவர்’: ஆள் உள்ளே இருக்கக் கிடங்கைப் பூட்டிவிட்டுப் போன மேற்பார்வையாளரைப் பற்றியது.

அந்த அம்மா பேச்சின் நடுவே முப்பத்தெட்டு நொடி மௌனம். “இவ்ளோ நேரம் சத்தமே இல்லேன்னா ஆளுங்க ஓடிடுவாங்கடி” என்றாள் அக்கா. பேட்டி எடுப்பது அவள், வெட்டி ஒட்டுவது நான். வெட்டினேன்.

மார்ச் 6
வெளியாகிவிட்டது. ஒரே பாராட்டு. தலைகால் புரியவில்லை எனக்கு.

மார்ச் 7
அந்த அம்மா ஃபோன் செய்தார். கத்தவில்லை. “ஏம்மா, பூட்டினவன்னு சொல்றப்போ என் புள்ள மூஞ்சிய ஏன் காட்டுறீங்க?”

திறந்து பார்த்தேன். ஐயோ! ஒலியை வெட்டிய நான் படங்களின் நேரத்தை மாற்றவே இல்லை. பேச்சு முன்னால் போய்விட்டது, படம் பழைய இடத்திலேயே நிற்கிறது. “பூட்டிட்டு சாவியோட போயிட்டான் பாவி” என்று ஒரு தொழிலாளி சொல்கிறார். திரையில் அந்த அம்மாவின் மகன் சிரிக்கிறான்.

அந்த அம்மாவைப் பக்கத்து வீட்டுக்காரி கேட்டாளாம்: “உங்க பையனா பூட்டினான்?”

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை முழுசாப் போட்டுப் பார்த்திருக்கக் கூடாதா? எனக்கு என்ன கேடு வந்துச்சு?

உடனே இணையத்திலிருந்து எடுத்துவிட்டேன். “அவன் படமும் வேணாம், என் பேச்சும் வேணாம்” என்று அந்த அம்மா ஃபோனை வைத்துவிட்டார்.

மார்ச் 9
படங்களை முன்னால் நகர்த்தினால் போதும், ஐந்து நிமிட வேலை. மனசு கேட்கவில்லை. வெட்டியதையே திரும்ப வைத்தேன். எல்லாப் படமும் தன் இடத்துக்கு வந்துவிட்டது.

மார்ச் 11
அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். “மன்னிச்சிடுங்கம்மா. ஒரு தடவை பாருங்க. வேணாம்னா அழிச்சிடறேன்.”

கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மௌனம் வந்தது. மகன் படம். எங்கோ குழாய் சொட்டும் சத்தம். பிறகு அவர் குரல். அதற்கப்புறம்தான் மேற்பார்வையாளரின் முகம்.

“இதையா வெட்டினே?” என்றார். “சும்மாவா இருந்தேன் நான்? அவன் படத்தை மடியில வெச்சுப் பாத்துட்டு இருந்தேன்.”

அவர் எழுந்து வெளியே போனார். பக்கத்து வீட்டுக்காரியைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

“உக்காரு. இப்போ பாரு.”

மூன்றாவது அத்தியாயத்தைத் தொட்டேன்.