அத்தை அருவிக்கு முந்தும் காரணம்

தென்காசி

அன்புள்ள முத்துச்செல்விக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம், சாரல் விட்டு விட்டு விழுகிறது, துணிதான் காயவில்லை. டப்ளினில் குழந்தை நலம் என்பதை நம்புகிறேன், நீயும் நலம் என்பதை நம்பவில்லை. தும்மினால் சிறுநீர் கசிகிறது, படுத்து எழுந்தால் வயிற்றின் நடுவில் மேடு தள்ளுகிறது என்று போன மாதம் சொன்னவள் இப்போது பிசியோதெரபிக்குப் போவதையே நிறுத்திவிட்டாயாம். போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்க வைப்பார், அதனால்தான் கடிதம்.

நிறுத்தச் சொன்னது உன் அத்தை இராமலட்சுமி. "பிள்ளை பெத்தவளுக்கு என்னட்டி எக்சசைஸு, வேட்டியைக் கிழிச்சு இறுக்கிக் கட்டு, வயிறு தன்னால ஒட்டிரும்" என்று உனக்குச் சொன்னதை இங்கே பெருமையாகச் சொல்லித் திரிகிறாள். இன்ஜினியரிங் படித்த நீயும் மூச்சு முட்டக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். மூடி தளர்ந்த பற்பசைக் குழாயை நடுவில் இறுக்கினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளப் பட்டம் வேண்டாம். பிரசவத்தில் தளர்ந்துபோன இடுப்பின் அடித்தசை மேல்தான் அந்த அழுத்தமெல்லாம் இறங்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக்குப் போயிருந்தோம். வேனில் உன் சித்தப்பா வல்லிநாயகம் ஏதோ கேலி பேச எல்லோரும் சிரித்தோம், அத்தை மட்டும் உதட்டைக் கடித்துக் கால்மேல் கால் போட்டு இறுகி உட்கார்ந்திருந்தாள். இறங்கியதும் கூட்டத்தை இடித்துக்கொண்டு முதல் ஆளாய் அருவியை நோக்கி ஓடினாள். வருடா வருடம் அப்படித்தான், குளிக்கும் ஆசை என்று நினைத்திருந்தோம். இந்த முறை பின்னாலேயே போன நான், தண்ணீர் படுமுன்பே அவள் சேலை நனைந்திருந்ததைப் பார்த்தேன். அருவியில் நின்றபின் யாருக்குத் தெரியும்?

உடை மாற்றுகிற இடத்தில் மெதுவாகக் கேட்டேன். "மணிகண்டபிரபு பொறந்ததுல இருந்தே இப்படித்தான் மைனி, எல்லாத்துக்கும் உள்ளதுதான" என்றாள். அந்த மகன் இப்போது போலீஸ் வேலையில் இருக்கிறான். இறுக்கிக் கட்டிய வயிற்றின் மகிமை இவ்வளவுதான். எல்லோருக்கும் உள்ளது என்பதற்காகப் பொறுத்துக்கொள்வதென்றால் உலகத்தில் வைத்தியமே வேண்டாம்.

மூச்சை விடும்போது அடித்தசையை மெல்ல மேலிழுத்து, பிறகு முழுக்கத் தளர்த்த அந்தப் பிசியோதெரபிப் பெண் சொல்லிக்கொடுத்ததாக நீயே சொன்னாய். அதைச் செய். ரீல்ஸைப் பார்த்து வயிற்றைத் தட்டையாக்குகிறேன் என்று மல்லாந்து படுத்து எழும் பயிற்சியில் இறங்கிவிடாதே, அதுவும் கீழேதான் அழுத்தும், வேட்டிக்குத் தங்கை முறை.

திரும்பும்போது அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "செல்விக்கு அங்கன அந்த எக்சசைஸுக்காரி என்னதான் செய்யச் சொல்லுதாளாம், கேட்டுச் சொல்லுங்க மைனி. நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிராதீங்க" என்றாள். உன்னிடம் சொல்லிவிட்டேன், உனக்கு அது தெரிய வேண்டும்.

வியாழக்கிழமை பிசியோதெரபிக்குத் தவறாமல் போ, அத்தைக்கும் சேர்த்துக் கேட்டுவா. நீயும் பிள்ளையும் உடம்பு தேறி, சிரிப்பு வந்தால் பயமில்லாமல் சிரித்து, நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். இடுப்பில் கட்டியிருக்கும் அந்த வேட்டியை அவிழ்த்துக் குழந்தைக்கு மூத்திரத்துணியாக்கு, உன் வீட்டில் நனைய வேண்டியவன் அவன் ஒருவன்தான்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெயசித்ரா