வலிக்காத கால்

ஜனவரி 12

பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் புதிய வேலை தொடங்கிவிட்டது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் நூலில் நரம்பணு பற்றிய அத்தியாயத்தை நான் மொழிபெயர்க்க வேண்டும். என் முதல் வரைவைப் படித்த பதிப்பாசிரியர் திருச்செல்வம், "டாக்டருக்கா எழுதுற? பத்து வயசுப் பிள்ளைக்கு எழுது லா" என்றார்.

மாலைக்குள் இப்படி மாற்றினேன்: உன் கால் கட்டைவிரலைத் தொட்டுப் பார். அந்தத் தொடுதலை உணரும் நரம்பணுவின் உடல் உன் முதுகெலும்பின் ஓரத்தில் இருக்கிறது. அங்கிருந்து விரல் நுனிவரை நீளும் இழை அந்த ஒரே நரம்பணுவினுடையது.

எழுதிவிட்டு நானே என் கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஜனவரி 19

அப்பாவைக் கிள்ளான் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். பத்து வருடமாக இனிப்பு நீர், தினமும் சர்க்கரை மாத்திரை. டாக்டர் உஷாராணி அவரைக் கண்ணை மூடச் சொன்னார். நைலான் நூல் போன்ற ஒன்றால் பாதத்தில் தொடுவார். தொட்டது தெரிந்தால் அப்பா சொல்ல வேண்டும். விரல்களில் தொட்டார், குதிகாலில் தொட்டார். அப்பா வாயே திறக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, "ஆரம்பிக்கலாமே டாக்டர்" என்றார்.

மருந்துக்கு நம்பர் எடுக்க அவர் போனதும் டாக்டர் என்னை நிறுத்தினார். "வெறுங்காலோட எங்கயும் விடாதீங்க மா. தைப்பூசம் வேற வருது. சூடு, கல்லு, எதுவும் அவருக்குத் தெரியாது. தினமும் பாதத்தப் பாருங்க." தலையாட்டினேன்.

காரில், டாக்டர் என்ன சொன்னார் என்று அப்பா கேட்டார். இனிப்பைக் குறைக்கச் சொன்னார் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜனவரி 20

காரணம் தெரியாமல் இல்லை. போன வருடம் டெங்கியில் நான் கிடந்தபோது, என் இரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போன அந்த வாரத்தில், மகள் பிழைத்தால் அடுத்த தைப்பூசத்தன்று செந்தூலிலிருந்து பத்துமலை முருகன் கோவிலுக்கு வெறுங்காலில் பால்குடம் எடுப்பதாக அப்பா வேண்டிக்கொண்டார். பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு, காப்பாற்றியது டாக்டர்கள்தான் என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். ஒரு மாதம் அவர் என் முகம் பார்த்துப் பேசவில்லை.

மறுபடியும் அந்தச் சண்டையா? ஒரு நாள் நடைதானே.

இது காரணமா, சாக்கா - எனக்கே தெரியவில்லை.

ஜனவரி 27

அப்பா விரதத்தில் இருக்கிறார். முகம் அவ்வளவு தெளிவாக இருக்கிறது. நாளைக்குச் சொல்லலாம்.

பிப்ரவரி 1

சொல்லவில்லை.

தைப்பூசம். கூட்டம் நகராமல் வழியிலேயே உச்சிவெயில் ஆகிவிட்டது. நானும் அம்மாவும் செருப்போடு சாலை ஓரமாக நடந்தோம். தார் கொதித்தது. அப்பாவின் நண்பர் பாலன் அங்கிள் நிழல் கண்ட இடத்திலெல்லாம் ஓடிப்போய் ஒதுங்கினார். அப்பா மட்டும் தலையில் குடத்தோடு, ஒரே சீராக.

மலைக்கோவில் படியிறங்கி வந்தபோது அப்பாவின் கண் கலங்கியிருந்தது. "பாலன் குதிச்சுக் குதிச்சு வரான். எனக்கு ஒண்ணுமே தெரியல மா. பூ மேல நடக்கிற மாதிரி இருந்துச்சு. முருகன் ஏத்துக்கிட்டான்."

"ஆமாப்பா" என்றேன்.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன சொல்வது? ஆனால் வீட்டுக்கு வந்தபிறகாவது அவர் பாதத்தைப் பார்த்திருக்கலாம். அதற்குப் பேசக்கூட வேண்டாம். குனிந்தால் போதும். பார்க்கப் பயந்தேன்.

பிப்ரவரி 3

இன்று மொழிபெயர்த்த பத்தி: நரம்பணுவுக்கு வேண்டிய பொருள்களில் பெரும்பகுதி அதன் உடலில்தான் உருவாகிறது. இழையின் கடைசி நுனிவரை அவை பயணம் செய்ய வேண்டும். அதனால் உடலுக்கு நீண்டகால நோய் வந்தால், மிக நீளமான இழைகளே முதலில் நலிகின்றன, அதிலும் நுனிகள்.

திருச்செல்வம் படித்துவிட்டு, நல்ல தெளிவு என்றார். பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி எழுத எனக்குத் தெரிகிறது.

பிப்ரவரி 5

அப்பாவின் படுக்கை விரிப்பில் மஞ்சளும் சிவப்புமாகக் கறை இருப்பதை அம்மா பார்த்திருக்கிறாள். இடது பாதத்தில் கொப்புளம் உடைந்து, சின்ன விரல் கறுத்திருக்கிறது. செருப்புக் கடித்திருக்கும் என்றார் அப்பா. வலியே இல்லையாம்.

உடனே கிளினிக். அதே டாக்டர். அம்மா கட்டியிருந்த துணியைப் பிரித்துப் பார்த்தவர் மெதுவாகத்தான் கேட்டார்: "அங்கிள், வெறுங்காலோட நடக்கக் கூடாதுன்னு அன்னிக்கே உங்க மக கிட்ட சொன்னேனே?"

அப்பா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் ஏதோ பதில் சொல்லி அதைச் சரியாக்கிவிடுவேன் என்று காத்திருப்பவர் மாதிரி பார்த்தார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். வராந்தாவில் அம்மா கேட்டாள். "தெரிஞ்சுமா டி வாய மூடிக்கிட்டு இருந்த?" தெரிஞ்சுதான் மா. தெரிஞ்சுதான்.

பிப்ரவரி 9

விரலை எடுத்துவிட்டார்கள். புண் மேலே ஏறாவிட்டால் பாதம் தப்பும்.

பிப்ரவரி 10

அம்மா தேநீர் வாங்கப் போன நேரம் பார்த்து அப்பா கேட்டார்.

"அப்போ அன்னிக்கு வலிக்காம இருந்தது... முருகன் இல்லையா மா?"

இந்தத் தடவை பொய் சொல்லக் கூடாது என்று மட்டும் தோன்றியது. "நரம்பு போயிருச்சுப்பா" என்றேன்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சொல்ல வேண்டிய நாளில் சொல்லியிருந்தால் விரல் இருந்திருக்கும். இன்று சொன்னதில் அந்த ஒரு நாள் சந்தோஷமும் போனது. இரண்டையும் எடுத்தது நான்தான்.

பிப்ரவரி 24

வீட்டுக்கு வந்துவிட்டார். புண் ஆறுகிறது. என்னிடம் பேச வேண்டியதை எல்லாம் அம்மாவிடம் பேசுகிறார்.

மார்ச் 8

கட்டு மாற்றும்போது நான் பார்க்கலாமா என்று கேட்டேன். அப்பா காலை இழுத்துக்கொள்ளவில்லை.

மார்ச் 9

பார்த்தேன்.

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள். காலையில் கோவிலுக்குப் போனோம். அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் செய்து கொடுத்த தனிக் காலணி; வீட்டுக்கு வெளியே எங்கும் அதைக் கழற்றக் கூடாது. கோவிலிலும்தான். அம்மா அர்ச்சனைத் தட்டோடு உள்ளே போனாள். அப்பா சாலையிலேயே, நிறுத்தியிருந்த இரண்டு கார்களுக்கு நடுவில் நின்றுகொண்டார். அங்கிருந்து பார்த்தால் கொடிமரமும் அதற்கு அந்தப் பக்கம் ஒரு விளக்கும் தெரிகின்றன. கை கூப்பினார்.

நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"நீ உள்ள போ லா" என்றார். "உனக்கு என்ன, கால் நல்லாத்தானே இருக்கு."

"பரவால்லப்பா."

அவர் எனக்கும் இடம் விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றார். உள்ளே மணி அடித்தது. அவர் எவ்வளவு நேரம் கண்ணை மூடியிருந்தாரோ, அவ்வளவு நேரமும் நான் அவர் காலணியையும் சாலையையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.