இருபதாயிரம் பேரில் ஒருத்திகூட இல்லை

என் அருமைத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் அத்தானுக்கு இருமல் குறைந்துவிட்டது, மருந்து கசக்கிறது என்ற புலம்பல்தான் குறையவில்லை.

நீ சொன்னபடி உன் மகளைப் போய்ப் பார்த்தேன். கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு லிஃப்ட் ரிப்பேர் கம்பெனியில் சேர்ந்தவளை, காதைத் திருகியாவது திரும்பப் படிக்க வை என்றாய். படிப்புக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை இருபத்தெட்டு வருஷமாக ஆராய்கிற பேராசிரியை நான். ஒரு பெண்ணை மடக்க முடியாதா என்ற தெம்போடுதான் போனேன்.

ஒன்பதாவது மாடிக்கு மேலே மோட்டார் அறையில் இருந்தாள். லிஃப்டைத்தான் நிறுத்தி வைத்திருந்தார்களே, அத்தனை படியும் ஏறினேன். மூச்சு வாங்க என் வரைபடத்தை எடுத்து நீட்டினேன். ஒரு வருஷம் கூடுதலாகப் படித்தால் சம்பளம் எப்படி ஏறுகிறது பார், இருபதாயிரம் பேரிடம் கேட்டு எழுதியது என்றேன். கையில் இருந்த கிரீஸைத் துடைத்துவிட்டு நிதானமாகப் பார்த்தாள். இதில் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற பெண்கள் எத்தனை பேர் பெரியம்மா என்று கேட்டாள். ஒருத்திகூட இல்லை. என் ஆராய்ச்சி மாணவர்கள்கூட என்னை இப்படி மடக்கியதில்லை, போ!

அதற்காக என் கணக்கு தப்பென்று நினைத்துவிடாதே. அதை யாரும் அசைக்க முடியாது. ஆனால் அது சராசரி. அதை வைத்து உன் மகளுக்கு ஆருடம் சொல்ல எனக்கே துணிச்சல் இல்லை. மேலும், அவள் படிப்பை விடவில்லை. வேலை முடிந்து மாலையில் தொழில்நுட்ப வகுப்புக்குப் போகிறாள். இதைச் சொல்லத்தான் நாலு மாதமாக உன்னைக் கூப்பிடுகிறாளாம், நீ போனையே எடுப்பதில்லையாம். அதுவரை கிண்டலும் கேலியுமாக இருந்தவள், இதைச் சொல்லும்போது அழுதுவிட்டாள். எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வந்தது.

கையில் கிடைத்த வங்கி வேலையை உதறிவிட்டு ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்று நான் நின்றபோது, அப்பா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. எங்களுக்கு நடுவில் தூது போனவள் நீதான். அப்போது உனக்குப் பதின்மூன்று வயது. நான் கிளம்புவதற்கு முதல் நாள் அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். மறுநாள் அவரே என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேற்ற வந்தார். அன்று என்ன பேசினாய் என்று நானும் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் மறுபடி கூப்பிடுவாள். அதற்குள், அன்று அப்பாவிடம் சொன்னதை உனக்கு நீயே ஒரு தரம் சொல்லிக்கொள். மகராசியாய் இரு. போனை எடுடி.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்,
அக்கா