மத்தியானத் தண்ணீர்

சத்திரம் பேருந்து நிலையத்தில் இன்று என்னை உரசிக்கொண்டு ஒருவர் பஸ் ஏறினார். அவர் சட்டையில் உங்கள் அத்தர் மணம். சட்டென்று திரும்பிவிட்டேன் பாய். நீங்கள் போய் எட்டு மாதமாகிறது, என் மூக்குக்கு அது இன்னும் உறைக்கவில்லை.

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நாம் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். உய்யக்கொண்டான் வாய்க்கால் படித்துறையில் தண்ணீர் மாதிரி எடுப்பது என் பொறுப்பு. காட்டூரில் பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பி, சமையலை முடித்து, நான் போய்ச் சேர உச்சிவெயிலாகிவிடும். பாட்டிலில் மருந்து விட்டால் தண்ணீர் பழுப்பாகும், ஆக்சிஜன் இருக்கிறது என்று அர்த்தம். "நல்ல நிலை" என்று அறிக்கை எழுதிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போவேன்.

ஒருநாள் விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு, அதே படித்துறையில் நீங்கள் எடுத்த பாட்டிலை என் மேசையில் வைத்தீர்கள். மருந்து விட்டும் பழுப்பே இல்லை, பால் மாதிரி வெள்ளை.

"வெயில்ல பாசி விடுற ஆக்சிஜன அளந்துட்டு வாய்க்கால் நல்லாருக்குங்கறீங்க மேடம். விடியக்காலைல ஒருநாள் வாங்க, சாக்கடை எவ்வளவு கலக்குதுன்னு தெரியும்."

எனக்கு வந்ததே கோபம்! இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு, "அடுத்த வாரம் வரேன் பாய்" என்றேன். அந்த அடுத்த வாரம் ஒரு வருடம் இழுத்தது, அறிக்கையும் அப்படியே போனது. நீங்களும் கேட்பதை விட்டுவிட்டீர்கள். ஒருநாள் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் விடியலில் தனியாகப் போனேன். என் பாட்டிலும் வெள்ளையானது. படியில் ஒரு பெண் குழந்தைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இங்க குளிப்பாட்டாதீங்கம்மா, தண்ணி சரியில்ல."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு வருசமா தெனம் ஒரு பாய் இங்க நின்னு இதையேதான் சொல்லி வெரட்டுவாரு. நாலு நாளா ஆளக் காணோமேன்னு எறங்கிட்டேன். அவருக்குப் பதிலா வந்திருக்கீங்களா?"

நான் "நல்ல நிலை" என்று எழுதிய படியில் ஒரு வருடமாகக் காவல் நின்றிருக்கிறீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே பாய்.

"ஆமாங்க" என்றேன்.

அறிக்கையைத் திருத்திவிட்டேன். சாக்கடை இன்னும் நிற்கவில்லை, அதனால் தினமும் போகிறேன். குளிக்க வருகிறவர்கள் சொன்னால் இப்போது கேட்டுக்கொள்கிறார்கள். ஒரே ஒரு காலையாவது உங்கள் பக்கத்தில் நின்றிருக்கலாம்.