சிப்பிப் பிடியா, மரப் பிடியா

என் விரலில் எண்ணெய் வாசனை இருக்கிறது. ஆலை எண்ணெய் இல்லை. அது மூக்குக்கே தெரியாத அளவு எனக்குப் பழகிவிட்டது. இது லேசாகக் கிராம்பு மணக்கிற எண்ணெய், புதுக் கத்தியின் மூட்டில் ஒரு சொட்டு விட்டு அனுப்புவார்களே, அது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. பரிசோதனைக் கூடத்தில் என் மேசையில் உட்கார்ந்து, டீயை ஆறவிட்டு, விரலை முகர்ந்துகொண்டிருக்கிறேன். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று நீ கேட்பாய். யாரும் பார்க்கவில்லை.

கத்தி வந்துவிட்டது. இரண்டில் எது என்று உடனே சொல்ல மாட்டேன். நீ எந்தக் கதையையும் முழுதாகக் கேட்டதில்லை. "இன்னா ஆச்சு, அத்த மட்டும் சொல்லு" என்பாய். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்.

நாம் பேசத் தொடங்கியதே ஒரு கத்தியால்தான். நான் இந்த ஆலையில் சேர்ந்த புதிது. இரும்பின் கடினத்தை அளக்கிற இயந்திரத்தின் முன்னால் இருந்தேன். இரும்பு வார்க்கும் அச்சுகளைக் கடைகிற அச்சுப் பட்டறையிலிருந்து நீ வந்தாய். பழந்துணியில் சுற்றிய மடக்குக் கத்தி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாய்.

"மேடம், இது எவ்ளோ கெட்டின்னு பாத்துச் சொல்றீங்களா?"

"பாக்கலாம். ஆனா மிஷினோட முனை எறங்கற எடத்துல குழி விழும்."

"குழின்னா?"

"சின்னப் புள்ளிதான். ஆனா போகாது."

கத்தியை அப்படியே மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாய். "வேணாம் மேடம். அது கெட்டியா இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா. பாக்க நல்லா கீதில்ல, அது போதும்." கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அளக்க வேண்டாம் என்று ஒருவர் சொல்லி அங்கே அதுவரை நான் கேட்டதில்லை.

மறுநாள் மதியம் அதே கத்தியால் கொய்யாப்பழம் நறுக்கி, மிளகாய்த்தூள் தூவி, கேன்டீனில் என் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாய். அப்படித்தான் தொடங்கியது.

உனக்குக் கத்தி என்றால் பைத்தியம் என்பது ஆலை முழுக்கத் தெரியும். சம்பளம் வாங்கிப் பைக் மாற்றுகிறவர்கள், போன் மாற்றுகிறவர்கள் நடுவில் நீ மடக்குக் கத்தி சேர்த்தாய். உள்ளங்கை அளவுதான் ஒவ்வொன்றும். பத்துப் பன்னிரண்டு இருக்கும். நான் திருவள்ளூரிலிருந்து கம்பெனிப் பேருந்தில் வரும்போது புத்தகம் படிப்பேன் என்பதால் எனக்கு 'டீச்சர்' என்று பெயர் வைத்தாய். ஆலைக்குள் மேடம், வாசலைத் தாண்டினால் டீச்சர். நான் உன்னை உள்ளே 'நீங்க' என்பேன், வெளியே 'நீ'. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இத்தனை காலம் சமாளித்தோம். என் அக்கா கல்யாணம் முடியட்டும், பிறகு இரண்டு வீட்டிலும் சொல்லலாம் என்று இருந்தோம். அக்காவுக்கு வரன் தட்டிக்கொண்டே போனது. நமக்கு அவசரம் எதுவும் இருந்ததாக அப்போது தெரியவில்லை.

பங்குனியில் ஒரு மாலை, பொன்னேரியில் பாய் கடைக்கு என்னை அழைத்துப் போனாய். பூட்டு, கத்தரிக்கோல், அரிவாள்மனை விற்கிற கடைதான். உள்ளே ஒரு கண்ணாடி அலமாரியில் மட்டும் உன்னைப் போன்றவர்களுக்காக அவர் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிற கத்திகள். பழவேற்காட்டுக்காரர். பேச்சில் எண்ணெய் விட்டாற்போல ஒரு சுலபம். எங்கோ ஒரு சின்னப் பட்டறையில் கொஞ்சமே கொஞ்சம் செய்து, எண் பொறித்து, அதோடு நிறுத்திவிடுகிற இரண்டு கத்திகளின் படத்தை அவர் போனில் காட்டினார். ஒன்று சிப்பி பதித்த பிடி, அலகு முழுக்க அலையலையாக வரி. மற்றது கருப்பு மரப் பிடி, ஒரே சாம்பல் நிற அலகு, வேறு அலங்காரமே இல்லை.

நீ வாயைத் திறப்பதற்குள் பாய் என்னைப் பார்த்தார்.

"ஊட்டம்மாவுக்குச் சம்மதமா சார்? நம்ம கடையில ஒரு வழக்கம் கீது. வெல கூடின கத்திய ஆம்பளைங்கள மட்டும் நம்பி ஆர்டர் எடுக்க மாட்டேன். மறுநாளே மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு திருப்பிக் குடுக்க வருவாங்க. எத்தினி பேர பாத்துட்டேன்."

நான் மறுக்கத்தான் போனேன். அதற்குள் நீ சொல்லிவிட்டாய்.

"அவங்க சொல்றதுதான் பாய். நான் சும்மா ஆசப்படறதோட சரி."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய்! பாய் எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு எனக்குக் கருத்து வந்துவிட்டது. மரப் பிடி என்றேன். நீ சிப்பிப் பிடி என்றாய்.

"அந்த வரியால வெட்டு ஒண்ணும் நல்லா வராது. ரெண்டு எஃகு சேத்து அடிச்சா அப்படித் தெரியும். அவ்ளோதான்."

"வெட்றதுக்கு ஊட்ல பத்து கத்தி கீது டீச்சர். இத்த பாரு. ஏரியில காத்து அடிச்சா தண்ணி இப்படித்தான மடியும்?"

"பாத்துட்டுப் பொட்டியில வெச்சிப் பூட்டிடுவ. இதுன்னா தினம் பையில இருக்கும்."

"பொட்டியில வெச்சா தேயாதில்ல."

"தேயாத கத்தி எதுக்கு?"

பாய் இரண்டு கையையும் தூக்கினார். "அல்லா! ரெண்டையும் வரவழைக்கிறேன். வந்ததும் ஊட்டம்மா வந்து ஒண்ணு சொல்லட்டும். மத்தத வாங்க எனக்கு வேற ஆள் கீது. இங்கியே சண்ட போடாதீங்க, யாவாரம் ஆவணும்." உன் போனில் எப்போதும் சார்ஜ் இருக்காது என்று சொல்லி என் எண்ணை வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும் நீ பைக்கைக் கிளப்பாமல் நின்றாய்.

"இன்னா டீச்சர், ஊட்டம்மான்னதும் மூஞ்சி செவந்து பூடுச்சே."

"வெயில்."

"ஆறு மணிக்கு இன்னா வெயிலு?"

அந்தக் கோடை முழுக்க நாம் வேறு எதைப் பற்றிப் பேசினோம் என்று யோசித்துப் பார்க்கிறேன். கேன்டீனில், பேருந்து வருவதற்குள் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில், போனில், இதே வழக்குத்தான். ஒருவர்கூட அங்குலம் விட்டுக்கொடுக்கவில்லை. எதிர்காலம் என்று பெரிதாகப் பேச நமக்குக் கூச்சம். அதனால் ஆடியில் வரப்போகிற ஒரு கத்தியைப் பற்றிப் பேசினோம். ஆடியில் நாம் இருவரும் இருப்போம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஆனியில் நீ போய்விட்டாய். காலை ஷிப்டுக்கு வரும் வழியில், நெடுஞ்சாலையில், லாரி. எனக்கு யாரும் தனியாக வந்து சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? டீ கொண்டுவந்தவர் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார். "அச்சுப் பட்டறையில கத்தி வெச்சிக்கினு இருப்பாரே, அவரு பூட்டாராம்." நான் கையிலிருந்த இரும்புத் துண்டை இயந்திரத்தில் வைத்து, அளந்து, எண்ணைக் குறித்தேன். அது என்ன எண் என்று இன்றுவரை தெரியாது.

கம்பெனி வேனில் எல்லாரோடும் வள்ளூருக்கு வந்தேன். உன் வீட்டை அன்றுதான் முதலில் பார்த்தேன். அனல் மின்நிலையத்தின் புகைபோக்கிகள் மாடியிலிருந்து தெரியும் என்று சொல்லியிருந்தாய். தெருவிலிருந்தே தெரிந்தன. உன் அம்மா என் கையைப் பிடித்து, "நீ யாரும்மா?" என்று கேட்டார்கள். "கூட வேல செய்றேம்மா" என்றேன். "அப்படியாம்மா" என்று சொல்லி என் கையை விட்டு அடுத்தவர் கையைப் பிடித்தார்கள். உண்மையைத்தான் சொன்னேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வேன் புறப்படுகிறது என்று கூப்பிட்டார்கள், ஏறிவிட்டேன்.

பிறகு தினமும் வேலைக்கு வந்தேன். விடுப்புக் கேட்க என்ன காரணம் எழுதுவது? பேருந்தில் மடியில் புத்தகம் திறந்திருக்கும். ஆடி பிறந்ததும் பெரியபாளையத்தில் அம்மன் கோயில் கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டது. பேருந்து நகரவே இல்லை. வேப்பிலைக் கட்டோடு போகிற பெண்களைப் பார்த்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்தவள் கதை சோகமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது.

"சாரோட ஊட்டம்மாங்களா? பொன்னேரியிலேர்ந்து பாய் பேசறேன். ரெண்டும் வந்துட்ச்சு. சார் போனு போவவே மாட்டேங்குது. சாய்ங்காலத்துக்குள்ள வந்து எதுன்னு சொல்லிடுங்கம்மா. மத்ததுக்கு ஆளு வந்து குந்திக்கினு கீறாரு."

அம்மா சமையலறையில் இருந்தார்கள். நான் மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்தேன்.

"ஆமா பாய்," என்றேன். "வரேன்."

அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஐயோ என்பார், இரண்டு நல்ல வார்த்தை சொல்வார், கத்தியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். அத்தோடு, இந்த உலகத்தில் என்னை உன் வீட்டுக்காரியாகத் தெரிந்த ஒரே ஆளுக்கும் நான் வெறும் பாவப்பட்ட பெண்ணாகிவிடுவேன். உன் அம்மாவிடம் கேட்க எனக்கு உரிமை இல்லாத ஒன்று அந்தப் பூட்டுக் கடையில் எனக்காக எடுத்து வைக்கப்பட்டிருந்தது. சாயங்காலம் வரைக்கும்தான்.

தோழி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

பாய் அதே ஸ்டூலை இழுத்துப் போட்டார். "சார் வரலியா? பொண்டாட்டிய இந்த வெயில்ல அனுப்பிட்டு அவரு ஃபேனுக்கு அடியில குந்திக்கினு கீறாரா?"

"வரல பாய்."

கண்ணாடி மேல் கருப்புத் துணி விரித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கையில் கொடுக்கவில்லை. கத்தியைக் கைக்குக் கை மாற்றினால் சண்டை வரும் என்பதை அவரும் பார்ப்பவர்தான். நமக்கு அது எந்த அளவுக்கு உதவியது என்று உனக்குத் தெரியும்.

முதலில் உன்னுடையதை எடுத்தேன். விரித்து வெளிச்சத்தில் பிடித்தேன். நீ சொன்னது சரிதான். படத்தில் அது வெறும் வரி. கையில் அது ஏரி. நாம் ஒரே ஒரு முறை பழவேற்காட்டுக்குப் போய் நின்றோமே, நீ சட்டைக் கையை மடித்துவிட்டுப் பார்த்தாயே, அந்தத் தண்ணீர். அலகை லேசாகச் சாய்த்தால் நகர்ந்தது. என்னுடையதை அப்புறம் எடுத்தேன். மூட்டில் கெட்டியான ஸ்பிரிங் வில், விரிக்க நகம் வலித்தது. உள்ளங்கையில் அடங்கி, தன்பாட்டில் இருந்தது. எந்தக் கடையிலும் இருக்கக்கூடிய கத்தி போலத்தான் இருந்தது.

"சிப்பி" என்று சொல்ல வாய் திறந்தேன், நம்புவாயா? உனக்குப் பிடித்ததை உனக்குக் கொடுத்துவிடலாம். பெட்டியில் வைத்து, பூட்டி, எப்போதாவது எடுத்துப் பார்க்கலாம். இறந்தவர்களுக்கு எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள், அவர்கள் சொன்னதெல்லாம் சரி என்று ஒத்துக்கொண்டு.

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. பங்குனியிலிருந்து ஒரு நாள்கூட நான் உனக்கு விட்டுக்கொடுத்ததில்லை. இப்போது விட்டுக்கொடுத்தால் நீ செத்துப்போனாய் என்பதற்காக விட்டுக்கொடுப்பதுதான். வேறு எந்தக் காரணமும் அதில் இல்லை. நீ இருந்திருந்தால், சிப்பி அழகாகத்தான் இருக்கிறது என்று உன் முகத்துக்கு நேரே ஒப்புக்கொண்டு, அப்புறமும் மரப் பிடியைத்தான் எடுத்திருப்பேன். நீ பொன்னேரியிலிருந்து வீடு வரைக்கும் புலம்பியிருப்பாய்.

"மரப் பிடி, பாய்."

பாய் உன்னுடையதைத் துடைத்து மடித்தார். அலைகள் பிடிக்குள் போய்விட்டன. அதை அலமாரிக்குள் வைக்கும்போது தலையை ஆட்டினார்.

"அவரு அவ்ளோ ஆசப்பட்டாரேம்மா. கோச்சிக்குவாரு."

"கோச்சிக்கட்டும்," என்றேன்.

குரல் எப்படி இருந்ததோ, அவர் சிரித்துவிட்டார். "அப்ப ரெண்டு நாளிக்கு ஊட்ல பேச்சு வார்த்த இல்லன்னு சொல்லுங்க." நானும் சிரித்தேன். ரசீதில் உன் பெயரைத்தான் எழுதினார். இன்னொரு நாள், வேறு யாராவது வந்து அவரிடம் உண்மையைச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன்.

இன்று மதியம் அந்தக் கத்தியால் வெள்ளரிக்காய் நறுக்கினேன். வில் இன்னும் இளகவில்லை. மடிக்கும்போது விரலைப் பதம் பார்த்தது, லேசாக. நீ என்ன சொல்வாய் என்று தெரியும். அதற்கு என்னிடம் பதிலும் இருக்கிறது. இரண்டு பதில் வைத்திருக்கிறேன். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கேன்டீனில், நீ ஆரம்பிப்பதற்காகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.